படகில் இன்னொரு ஆள்

ஜனவரி பிறந்த கையோடு நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். குடியை விடுவது, தொப்பையைக் குறைப்பது என்பதெல்லாம் சாதாரண மனிதர்கள் எடுக்கிற தீர்மானம். என் தீர்மானம் வேறு. என் மனைவி ஆர்லீனுக்கு மீன்பிடிப்பு என்ற பேச்சைக் கேட்டாலே குமட்டும்படி செய்துவிடுவது. அதுவும் ஒரே நாளில். அதுவும் அவளுக்குத் தெரியாமல்.

என் பெயர் டெல்மர். மின்சாரக் கம்பத்தில் ஏறுகிற வேலை பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஏறி, ஏறி என்று இருந்தவன், ஓய்வு பெற்றதும் ஏரி, ஏரி என்று ஆகிவிட்டேன். ஓக்லஹோமாவில் கிராண்ட் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. வாசலில் படகு. பணியிலிருந்துதான் எனக்கு ஓய்வு, பனியிலிருந்து இல்லை. ஏனென்றால் கிராப்பி மீன் பிடிக்க எங்களுக்குக் குளிர்காலத்தை விட்டால் வேறு காலம் இல்லை. வெயில் காலத்துப் பணக்காரர்கள் தங்கள் வேகப் படகுகளைப் போர்வை போர்த்தித் தூங்க வைத்துவிட்டு நகரத்துக்குப் போயிருப்பார்கள். ஏரி முழுக்க நம்முடையது. கிராப்பிகள் ஆழத்தில், மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளுக்கு நடுவே கூட்டமாக நிற்கும். வெள்ளித் தகட்டில் கறுப்பு மை தெளித்த மாதிரி இருக்கும். சோளமாவில் புரட்டிப் பொரித்தால், சண்டை போட்டுக்கொண்டிருக்கிற குடும்பம்கூட அந்த ஐந்து நிமிஷம் வாயை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளும்.

ஆனால் மீன் ஒரு சாக்குதான். உண்மையான சுகம், அங்கே பேச ஆள் இல்லை என்பது. நான், ஒரு தூண்டில், ஒரு வாளிப் பொடிமீன். அந்தச் சுகத்தில் ஆர்லீன் கல்யாணமான நாளிலிருந்து குறுக்கிட்டதே இல்லை. மீனோடு அவளுக்கு இருந்த உறவெல்லாம் தட்டில்தான்.

போன நவம்பரில் ஒரு காலை, காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"டெல்மர், நாளைக்கு ஏரிக்குப் போறியா?"

"ஆமா."

"நானும் வர்றேன்."

காப்பி மூக்கில் ஏறியது. "எங்கே?"

"ஏரிக்குத்தான். சந்திரனுக்கா கேட்டேன்?"

"உனக்கு மீன் வாசனையே ஆகாதே."

"வயசானா மூக்கு மழுங்கிடுமாம். எனக்கு மழுங்கிடுச்சு."

"குளிர் எலும்பைக் குத்தும் ஆர்லீன். உன் முட்டிக்கு ஆகாது."

"அப்போ பெக் கொட்டகைக்குப் போவோம். அங்கே குளிரே இல்லையாம்."

பெக் என்றதும் வேறு எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். பெக் ஒரு பெண்மணி. கரையை ஒட்டி மிதக்கிற பெரிய தகரக் கொட்டகை ஒன்று வைத்திருக்கிறாள். நடுவில் தரையை வெட்டி, சுற்றிலும் கம்பி கட்டி விட்டிருக்கிறாள். கீழே ஏரித் தண்ணீர். மீன் வந்து தங்கட்டும் என்று, ஊரார் தூக்கிப் போட்ட கிறிஸ்துமஸ் மரங்களை வருஷாவருஷம் அதற்குள் அமிழ்த்தி வைப்பாள். மேலே கேஸ் அடுப்பு, பழைய சோபா, தொலைக்காட்சி. ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்து, ஓட்டைக்குள் தூண்டிலை விட்டுக்கொண்டு சீரியல் பார்ப்பார்கள்.

"அது மீன்பிடிப்பு இல்லை ஆர்லீன். கிணத்துல வாளி விடறது. நான் பனிப்புயல்ல கம்பத்து உச்சியில நின்னவன். என்னைப் போய் சோபாவுல உட்கார்ந்து மீன் பிடிக்கச் சொல்றியா?"

"சொல்லலை. சரி, படகுலயே வர்றேன்."

இங்கே ஒரு சின்ன விஷயம். ரொம்பச் சின்னது. அக்டோபர் மாதம், படகை இறக்குகிற சரிவில் நின்றுகொண்டிருந்தபோது தலை லேசாகச் சுற்றியது. லேசாகத்தான். அதனால் லேசாக உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடம் தண்ணீர். பக்கத்து வீட்டு ஆர்வில் அங்கே இருந்தான், கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். மறுநாள் டாக்டர் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, இதைக் குறை, அதைக் குறை என்றார். கடைசியில், "குளிர்காலத்துல தனியா தண்ணிக்குப் போகாதீங்க" என்றார். கம்பத்து உச்சியில் ஒற்றைக் கையால் வேலை பார்த்தவனிடம் சொல்கிற பேச்சா இது? டாக்டர் சொன்னதை ஆர்லீனிடம் சொல்லவில்லை. டாக்டரைப் பார்த்ததையே சொல்லவில்லை. நனைந்த பேண்டுக்குப் பொடிமீன் வாளி கவிழ்ந்தது என்று காரணம் சொன்னேன். ஆர்வில் தன் தாய் மேல் ஆணையாக யாரிடமும் சொல்லமாட்டேன் என்றான். விஷயம் அதோடு முடிந்தது.

நவம்பரில் மோட்டார் ரிப்பேர் என்றேன். டிசம்பரில் கிறிஸ்துமஸ் என்றேன். அவளைக் கழற்றிவிட நான் சொன்ன சாக்குகளில் நானே மாட்டிக்கொண்டு, ஒருநாள்கூட ஏரிக்குப் போக முடியாமல் வீட்டிலேயே கிடந்தேன். ஜனவரியில் சாக்கு தீர்ந்தது. அதனால்தான் அந்தத் தீர்மானம். வருடத்திலேயே மோசமான நாளாகப் பார்த்து ஒருமுறை கூட்டிக்கொண்டு போவது. ஒருமுறை போதும். அப்புறம் ஆயுசுக்கும் வரமாட்டாள்.

வானிலை அறிவிப்பில், அவசியமில்லாதவர்கள் வெளியே வரவேண்டாம் என்று ஒருநாள் சொன்னார்கள். அதற்காகத்தான் காத்திருந்தேன். முதல் நாள் மாலையே வண்டியின் ஹீட்டர் ஃப்யூஸைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டேன். மின்சாரக்காரன் அல்லவா. மறுநாள் விடியுமுன் அவளை உலுக்கினேன்.

"எழுந்திரு. மீன் காத்துக்கிட்டிருக்கு."

"இந்நேரத்துக்கு மீனே எழுந்திருச்சிருக்காது."

"தூங்கறப்பதான் பிடிக்கணும்."

என் கம்பம் ஏறுகிற உடுப்பைத் தேடினேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை பஞ்சு வைத்துத் தைத்தது, அதைப் போட்டுக்கொண்டு பனிக்கட்டியில் படுத்துத் தூங்கலாம். காணவில்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. கிடங்கறையில் இல்லை. நேரமாகிவிட்டதே என்று இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வண்டியில் ஏற்கெனவே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தது. என் உடுப்புக்குள் உட்கார்ந்திருந்தது.

"அது என்னோடது."

"தெரியும். உள்ளே உன் பேர் தைச்சிருக்கு."

"நான் எதைப் போட்டுக்கறது?"

"நான் எதைப் போட்டுக்கறது, அதைச் சொல்லு. சர்ச்சுக்குப் போற கோட்டுல வரட்டுமா?"

வண்டியைக் கிளப்பினேன். ஐந்து நிமிஷத்தில் கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்தது.

"ஹீட்டர் செத்துப்போச்சு போலிருக்கு," என்றேன், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"அடப்பாவமே. போன வாரம் நல்லாத்தானே இருந்துச்சு."

"வயசாயிடுச்சு."

"ம். வயசான எதையும் நம்பி விடக்கூடாது," என்றாள், என்னைப் பார்த்துக்கொண்டே.

படகில் அவளுக்கு முன் இருக்கை கொடுத்தேன். மரியாதைக்கு அல்ல. காற்று முதலில் வந்து அடிக்கிற இடம் அது. அவள் நாற்காலியைத் திருப்பிக் காற்றுக்கு முதுகு காட்டி, என்னைப் பார்த்து உட்கார்ந்தாள். அவள் முதுகில் பட்டுத் தெறித்த காற்று நேரே என் முகத்துக்கு வந்தது. தூண்டில் நூல் ஓடுகிற வளையங்களில் ஐஸ் கட்டியது. என் மீசையிலும் கட்டியது. ஆர்லீன் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, மாமியார் வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி இல்லாமல், மருமகள் வீட்டுக்கு வந்த மாமியார் மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குக் கை விறைக்கலையா?"

"இல்லையே."

"பாக்கெட்டுல என்ன?"

"உருளைக்கிழங்கு. அடுப்புல சுட்டு, தாள்ல சுத்திப் போட்டுக்கிட்டேன். பக்கத்துக்கு ரெண்டு. கைக்கும் சூடு, பசிச்சா தின்னுடலாம்."

"எனக்கு ஒண்ணு குடேன்."

"உனக்கு எதுக்கு ராசா? நீ பனிப்புயல்ல நின்னவனாச்சே."

மூன்று முறை கேட்ட பிறகு ஒன்றைக் கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொள்வதா வாயில் வைத்துக்கொள்வதா என்று தவித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பியபோது அவள் கன்னம் இரண்டும் பழமாகச் சிவந்திருந்தன. "நல்லாத்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை மறுபடி போவமா?" என்றாள். ஒரே நாளில் ஆர்லீனுக்குக் குளிர் விட்டுப்போய்விட்டது. எனக்குத்தான் மூன்று நாள் ஆகியும் குளிர் விடவில்லை. கம்பளிக்குள் கிடந்து தும்மினேன்.

அடுத்த முறை வேறு உத்தி. உயிரோடு துள்ளுகிற பொடிமீனைக் கையால் பிடித்து முள்ளில் குத்தச் சொல்வது. பெண்பிள்ளை அலறிக்கொண்டு ஓடிவிடுவாள் என்று கணக்கு. படகில் எங்கே ஓடுவாள் என்று யோசிக்கவில்லை.

"இதோ பாரு, படகுல அவங்கவங்க இரையை அவங்கவங்கதான் மாட்டணும். அதுதான் வழக்கம்."

வாளிக்குள் கையை விட்டாள். எடுத்தாள். உதட்டோரம் பார்த்துக் குத்தினாள். தண்ணீரில் விட்டாள். என்னைப் பார்த்தாள்.

"என்ன பாக்கறே? பள்ளிக்கூடச் சமையல்கட்டுல இருபது வருஷம் கோழி அரிஞ்சவ நான். இந்தக் குட்டிப் பயலுக்கா பயப்படுவேன்?"

"இன்னொரு வழக்கமும் இருக்கு," என்றேன். "படகுல பேசக்கூடாது. மீன் மிரண்டுடும்."

இதில் வசமாக மாட்டினாள் என்று நினைத்தேன். ஆர்லீன் தூக்கத்தில்கூட இரண்டு பேரோடு பேசுகிறவள். ஆனால் அன்று வாயை மூடியவள் மூடியவள்தான். முதலில் எனக்கு இனித்தது. கொஞ்ச நேரம் போனதும் புளித்தது. மனைவி பேசினால் என்ன தப்பு செய்தோம் என்று தெரிந்துவிடும். பேசாமல் உட்கார்ந்திருந்தால் எந்தத் தப்பு என்று நாமேதான் தேட வேண்டும். நான் தேட ஆரம்பித்தேன். ஃப்யூஸ் ஞாபகம் வந்தது. ஈரப் பேண்ட் ஞாபகம் வந்தது. வியர்த்தது.

"ஏதாவது பேசேன்," என்றேன்.

அவள் உதட்டில் விரலை வைத்து, தண்ணீரைக் காட்டினாள்.

குளிர்காலத்துக் கிராப்பி இரையை வெடுக்கென்று இழுக்காது. மாமியார் வீட்டில் இரண்டாம் முறை சோறு கேட்கிற மாப்பிள்ளை மாதிரி, தொட்டும் தொடாமலும் வரும். மிதவை அமுங்காது. லேசாக எழும்பிச் சாயும், அவ்வளவுதான். அந்தச் சாய்வைப் பிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் மீன். என் கை நடுங்கிய நடுக்கத்தில் என் மிதவை சதா ஆடிக்கொண்டிருந்தது, மீன் ஆட்டுகிறதா நான் ஆட்டுகிறேனா என்று மீனுக்கே தெரியவில்லை. ஆர்லீன் பின்னல் வேலை செய்கிறவள். ஒரு கண்ணி தளர்ந்தாலும் அவள் கண்ணுக்குப் படும். ஒரு சொல் பேசாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிப் போட்டாள். வாளி நிறைந்தது. அதில் என் பங்கு இரண்டு. அதில் ஒன்று, அவள் நூலோடு என் நூல் சிக்கியதால் எனக்கு வந்தது.

அன்று இன்னொன்றும் நடந்தது. பின்பக்கம் போகலாம் என்று எழுந்தேன். லைஃப் ஜாக்கெட் எதிலோ மாட்டிக்கொண்டு என்னைப் பின்னுக்கு இழுத்தது. "உட்காரு, நான் எடுத்துத் தர்றேன்," என்று சைகை காட்டினாள். உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ஆர்வில் கடைக்குப் போனேன். ஆர்வில் முடிவெட்டுகிறவன். ஊரில் பாதித் தலை அவன் கையில், அந்தத் தலைகளுக்குள் இருப்பதெல்லாம் அவன் காதில். கிராப்பு வெட்டிக்கொள்கிற சாக்கில் கிராப்பி விவகாரத்தைக் கொட்டினேன்.

"டேய் ஆர்வில், அவ என்னைவிட நல்லாப் பிடிக்கறாடா."

"தலையை ஆட்டாதே, காது போயிடும். அதுல உனக்கு என்ன கஷ்டம்? உட்கார்ந்து தின்னு."

"என் படகுடா அது. ஒரு மனுஷன் நிம்மதியா ஒத்தையா உட்கார ஒரு இடம் வேண்டாமா?"

கத்தரி நின்றது. கண்ணாடியில் அவன் முகம் என் முகத்தைப் பார்க்காமல் சீப்பைப் பார்த்தது. "வேணும்தான். ஆனா டெல்மர், ஒத்தையா உட்கார்றது இப்போ..."

"இப்போ என்ன?"

"ஒண்ணும் இல்லை. ஒண்ணு பண்ணு. மீனைக் கழுவச் சொல்லு. பிடிக்கிறதுல இருக்கிற ஆசையெல்லாம் செதில் உரிக்கிறப்போ போயிடும். என் பொண்டாட்டி நடீன் அப்படித்தான் விட்டா."

நல்ல யோசனை. அன்று மாலையே கத்தியைத் தீட்டிக்கொண்டு ஆர்லீன் முன் போய் நின்றேன். "பிடிச்சவங்கதான் கழுவணும். அதுதான் வழக்கம்."

"அப்படியா? நடீன் வேற மாதிரி சொன்னாளே. படகுக்கு யார் சொந்தக்காரங்களோ அவங்கதான் கழுவணும்னு. படகு உன்னோடதா, நம்மளோடதா?"

இந்தக் கேள்வியில் இரண்டு பக்கமும் முள். "என்னோடதுதான்," என்று சொல்லிவிட்டேன், அந்த ஒரு சொத்தையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று. அன்றிலிருந்து விறைத்துப் போகிற ஷெட்டில் நின்று, என் சொத்துக்காக, அவள் பிடித்த மீன்களை நான் கழுவினேன்.

ஜனவரி கடைசியில், வடக்கிலிருந்து காற்று திரும்பிய ஒரு நாள். வழக்கமான இடத்தில் மீன் இல்லை. ஏரியின் ஒரு கிளை உள்ளே தள்ளி, இரண்டு குன்றுகளுக்கு நடுவே போகும். அங்கே போனோம். ஓரங்களில் கண்ணாடி மாதிரி ஐஸ் படர்ந்திருந்தது, படகு அதைக் கீறிக்கொண்டு போன சத்தம் பல்லில் கூசியது. மதியம் வரை எதுவும் கடிக்கவில்லை. திரும்பிவிடலாம் என்று நங்கூரக் கயிற்றை இழுக்க எழுந்து குனிந்தேன். நிமிர்ந்தேன்.

நிமிர்ந்தபோது குன்று தண்ணீரில் இருந்தது. தண்ணீர் வானத்தில் இருந்தது.

விழப்போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும், எங்கள் ஏரியில் ஒவ்வொரு குளிர்காலமும் யாருக்காவது அது நடக்கிறது. பயப்படக்கூட நேரம் இல்லை. ஆனால் நான் விழவில்லை. முதுகில் ஏதோ சுரீரென்று இறுகியது. பிறகு இரண்டு கைகள் என் தோளைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தன.

"கண்ணை மூடாதே. என்னைப் பாரு. என் மூக்கைப் பாரு டெல்மர்."

மூக்கைப் பார்த்தேன். முதலில் இரண்டு மூக்கு. கொஞ்ச நேரத்தில் ஒன்றானது. அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

முதுகுப் பக்கம் தடவிப் பார்த்தேன். லைஃப் ஜாக்கெட்டின் பட்டையில் ஒரு இரும்புக் கொக்கி. கொக்கியிலிருந்து ஒரு தடித்த கயிறு. பார்க்காமலே கைக்குத் தெரிந்தது. கம்பத்தில் ஏறும்போது நான் இடுப்பில் மாட்டிக்கொள்கிற பாதுகாப்புக் கயிறு. முப்பது வருஷம் என்னைத் தாங்கியது.

"எப்போ மாட்டினே இதை?"

"ஒவ்வொரு தடவையும். நீ மோட்டாரைக் கிளப்பக் குனியறப்போ."

"நாயைக் கட்டற மாதிரி கட்டி வெச்சிருக்கே."

"கம்பத்துல ஏறறப்போ தினமும் இதை மாட்டிக்கிட்டுத்தானே ஏறினே? அப்போ நாயாவா இருந்தே?"

வேறு எதையாவது கேட்க வேண்டுமே என்று, "இன்னொரு நுனி எங்கே? உன் இடுப்புலயா?" என்றேன்.

"நாற்காலிக் கம்பத்துல. உன்கூடவே தண்ணிக்குள்ள வர்ற அளவுக்கு எனக்கு இன்னும் பைத்தியம் பிடிக்கலை."

என்னைக் கீழேயே உட்கார வைத்துவிட்டு, அவளே நங்கூரத்தை இழுத்து, அவளே மோட்டாரைக் கிளப்பி, அந்தக் குறுகலான கிளையிலிருந்து படகை வெளியே கொண்டுவந்தாள். எங்கே கற்றாள் என்று கேட்கவில்லை. முன் இருக்கையில் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளே, அந்தப் படிப்பு.

கரையில், வண்டியின் ஓட்டுநர் பக்கம் அவள் ஏறினாள். ஏறியவள் உடுப்பின் மார்புப் பையிலிருந்து எதையோ எடுத்துக் குனிந்து செருகினாள். காலடியில் கதகதவென்று சூடான காற்று வந்தது.

"ஃப்யூஸ்," என்றாள். "டிராயர்ல இருந்துச்சு. என்னைக்காவது நிஜமாவே தேவைப்படும்னு எடுத்து வெச்சேன்."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"அக்டோபர்லேர்ந்து."

"ஆர்வில் சொன்னானா?"

"அவனைத் திட்டாதே. தாய் மேல ஆணை வெச்சிருக்கான், வெளியாள் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. நடீன்கிட்ட மட்டும்தான் சொன்னான்."

"நடீன் வெளியாள் இல்லையா?"

"பொண்டாட்டி எப்படி வெளியாள் ஆவா? அது உனக்குத்தான் தெரியலை. அதுவும் இல்லாம, பொடிமீன் வாளி கவிழ்ந்து இடுப்பு வரைக்கும் நனைஞ்சவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான். திமிங்கிலமா வெச்சிருந்தே வாளியில?"

"அப்போ மீன்பிடிக்க ஆசைன்னு சொன்னது?"

"எனக்கா ஆசை?" கண்ணாடிக்கு அப்பால் பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ராத்திரி ஆனா ரெண்டு முட்டியும் கல்லா இருக்கு. இந்த ரெண்டு விரல்ல உணர்ச்சியே இல்லை. அந்தப் பொடிமீனைத் தொடறப்பல்லாம் வயித்தைப் புரட்டுது. ஆனா போகாதேன்னு சொன்னா நீ கேப்பியா? திருட்டுத்தனமா போவே. துணைக்கு வர்றேன்னு சொன்னா, எனக்கு என்ன ஆச்சுன்னு குதிப்பே. அதான் மீன் மேல ஆசைன்னேன்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் அவளுக்கு மீன்பிடிப்பை வெறுக்க வைக்கத் திட்டம் போட்டேன். அவள் முதல் நாளே வெறுத்துவிட்டு, வெறுப்போடுதான் ஒவ்வொரு நாளும் வந்து முன் இருக்கையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஒற்றை உருளைக்கிழங்குக்காக நான் கெஞ்சிய அன்று, அவள் என்னைப் பார்த்து ஏன் திரும்பி உட்கார்ந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். நானும் மனிதன்தானே. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஆர்லீன், நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். உன் முட்டிக்காக."

"என் முட்டிக்கு என்ன?"

"இனிமே இந்தக் குளிர்ல நீ படகுல வரவேண்டாம். நானும் போகலை. நாம பெக் கொட்டகைக்குப் போவோம்."

கரண்டியைக் கீழே வைத்தாள். "அய்யய்யோ, அது வேண்டாம் டெல்மர். உனக்குப் பிடிக்காத இடம்."

"பிடிக்கலைன்னா என்ன? உனக்காகப் போறேன்."

"ஊர் என்ன சொல்லும்? பனிப்புயல்ல நின்னவனை ஆர்லீன் சோபாவுல உட்கார வெச்சுட்டான்னு பேசுவாங்க."

"பேசட்டும். எனக்கு என் பொண்டாட்டி முட்டிதான் முக்கியம்."

"கிணத்துல வாளி விடறதுன்னு சொன்னியே."

"அது அப்போ. இப்போ நானே கேக்கறேன், வா."

அவள் மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. எனக்காகத் தியாகம் பண்ணாதே என்றாள். இது தியாகமே இல்லை என்றேன். மாலைக்குள் வாதங்களை அடுக்கி, கையைப் பிடித்து, கடைசியில் கோபித்துக்கொள்வதாகக்கூட மிரட்டினேன். "சரி, நீ இவ்வளவு தூரம் பிடிவாதம் பிடிக்கறதால வர்றேன்," என்று பெரிய மனசு பண்ணினாள்.

அன்று எனக்கு நல்ல தூக்கம். ஆர்லீன் இனிப் படகில் ஏறமாட்டாள். ஜனவரியில் எடுத்த தீர்மானம், சுற்றி வளைத்தாவது, நிறைவேறிவிட்டது. அதோடு நல்ல கணவன் என்ற பெயரும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மறுநாள் காலை பெக் கொட்டகைக் கதவைத் தள்ளினேன். உள்ளே வெதுவெதுப்பும் காப்பி வாசனையும் முகத்தில் வந்து படிந்தன. ஓட்டையைச் சுற்றி எல்லா நாற்காலியிலும் ஆள். அடுப்புக்குப் பக்கத்தில், நல்ல மெத்தை வைத்த இரண்டு நாற்காலிகள் மட்டும் காலியாக இருந்தன. அவற்றின் குறுக்கே ஒரு துண்டு போட்டிருந்தது.

"அது யாருக்கோ வெச்சிருக்கு போல. நாங்க ஓரமா உட்கார்ந்துக்கறோம்," என்றேன்.

பெக் துண்டை எடுத்து உதறி, நாற்காலியைத் துடைத்தாள். "உங்களுக்குத்தான் சார். மேடம் நவம்பர்லயே சொல்லி வெச்சுட்டாங்க. பிப்ரவரி பாதியில நீங்களே கெஞ்சிக் கூட்டிட்டு வருவீங்கன்னாங்க, ஒரு வாரம் முன்னாடியே வந்துட்டீங்களே."